மாமனார் பெயர் மழை

ஜாராவ் படகில் வந்தால், ஆள் தெரிவதற்கு ஒரு வளைவு முன்னாலேயே அவன் பேச்சு கரைக்கு வந்து சேர்ந்துவிடும். எம்பாவ் ஆற்றின் இரு கரையிலும் இருந்த இபான் இனத்தாரின் வீடுகளில் அவனை அப்படித்தான் அறிந்திருந்தார்கள். இருபது வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்டுப் போய், மூன்று வருடம் கடலோர மரக்கிடங்குகளில் வேலை பார்த்துவிட்டு, ஒரு தையல் இயந்திரமும் ஒரு மூட்டைக் கதையுமாகத் திரும்பினான். இயந்திரத்தை அம்மாவிடம் கொடுத்தான். கதைகளை மேலாற்றுக்கு எடுத்துக்கொண்டு போனான். அங்கே, ஒரே கூரையின்கீழ் குடும்பத்துக்கு ஒரு கதவாக இருபத்திரண்டு கதவு கொண்ட, ஜிம்பாவ் தலைவராக இருந்த நீளவீட்டில், மிந்து என்ற பெண்ணிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தான். கதை தீர்ந்த அன்று கல்யாணப் பேச்சு ஆரம்பமானது.

மிந்துவின் அக்கா கல்யாணமாகி வேறு ஆற்றுக்குப் போய்விட்டாள். பெற்றோரோடு இருந்து அந்தக் கதவைக் காக்க வேண்டியவள் மிந்துதான். ஆகவே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஜாராவுக்கு அதில் வருத்தமில்லை. வருத்தப்பட்டவள் அவன் அம்மா.

"பொண்ணோட அப்பா பேரு என்னன்னு கேட்டியாடா?"

"கேட்டேம்மா."

"சொல்லு பாப்போம்."

"இன்னும் கல்யாணம் ஆகல, அதனால சொல்றேன். உஜான்."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உஜான் என்றால் அவர்கள் மொழியில் மழை.

மாமனார் மாமியார் பெயரை மருமகனின் நாக்கு தொடக்கூடாது. ஆளைக் குறித்துச் சொல்லவில்லை, பொருளைக் குறித்துத்தான் சொன்னேன் என்று தப்பிக்கவும் முடியாது. சொன்னவனுக்கு வயிறு வீங்கும். ஜாராவின் சித்தப்பா ஒருவர் தூக்கத்தில் மாமியார் பெயரை உளறிவிட்டு, மூன்று மாதம் சாடி மாதிரி வயிற்றோடு உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. ஜாராவின் மாமியார் பெயர் சுபாங். தோடு என்று பொருள். அது பரவாயில்லை. ஓர் ஆண்பிள்ளை தோட்டைப் பற்றிப் பேசாமலேயே ஆயுளை ஓட்டிவிடலாம். ஆனால் வருடத்தில் பாதிக்குமேல் நனைந்தே கிடக்கும் மலைச்சரிவில் நெல் போடுகிறவன், மழை என்று சொல்லாமல் ஒரு பொழுதையாவது எப்படிக் கழிப்பான்? அதுவும் ஜாராவைப் போல வாய் ஓயாதவன்?

வழியனுப்ப வந்த கூட்டாளிகளுக்கு இதைவிடக் கொண்டாட்டம் கிடைக்கவில்லை.

"அங்க போய் நனைஞ்சா என்னடா சொல்லுவ?"

"நனைஞ்சுட்டேன்னு சொல்லுவேன்."

"எதுல நனைஞ்சேன்னு கேட்டா?"

"ஆத்துல விழுந்துட்டேன்னு சொல்லுவேன் போங்கடா."

உஜான் அதிகம் பேசாத மனிதர். பகலெல்லாம் நீளவீட்டின் பொதுக்கூடத்தில், தன் கதவுக்கு நேரே உட்கார்ந்து மூங்கில் சீவி மீன்கூடு முடைவார். அவரிடம் ஒரே ஒரு வேடிக்கைப் பேச்சு இருந்தது. யாராவது "உஜான் வருது" என்றால், தலையைத் தூக்காமலே "நான் இங்கதான இருக்கேன், எங்க வர்றேன்?" என்பார். நாற்பது வருடமாகச் சொல்லிவந்தார். கேட்பவர்கள் சிரிக்காவிட்டாலும் சொல்வார். அவருக்கு ஜாராவைப் பார்த்தால், நேரங்கெட்ட நேரத்தில் கூவும் சேவலைப் பார்ப்பதுபோல இருந்தது.

மிந்து முதல் நாளே புருஷனுக்குப் பாடம் சொன்னாள்.

"எங்க அக்கா வீட்டுக்காரர் வர்றப்போ 'மேலேர்ந்து வர்ற தண்ணி'ன்னு சொல்லுவாரு. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

"அத்தனையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நெல்லு மிதக்க ஆரம்பிச்சிரும் மிந்து."

"அப்போ பேசாம இருங்க."

"அது முடியாதே."

அவன் விளையாட்டாகச் சொன்னது ஆறாம் நாள் பலித்துவிட்டது. அறுவடைக் காலம். நீளவீட்டின் முன்னால் நெடுகப் போட்டிருந்த மூங்கில் தளத்தில், இருபத்திரண்டு கதவுக்காரர்களும் பாய் விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். உச்சிப்பொழுது. காலையிலிருந்து கதிர் மிதித்த களைப்பில் எல்லோரும் உள்ளே கண்ணயர்ந்திருந்தார்கள். கோழி விரட்டக் காவலுக்கு உட்கார்ந்திருந்தவன் புது மாப்பிள்ளை.

எதிர்மலையின் உச்சி திடீரென்று காணாமல் போனது. பிறகு அதன் இடுப்பு. காட்டின் மேலே ஓர் இரைச்சல் அவனை நோக்கி நடந்து வந்தது. ஜாராவ் துள்ளி எழுந்தான். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய சொல் தொண்டைக்கு வந்து, நாக்குக்கு ஏறி, "உ..." என்று பாதி வெளியே தலைநீட்டிவிட்டது. வயிறு, சாடி, சித்தப்பா, மூன்று மாதம் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தன. சொல்லைத் திருப்பி விழுங்கவும் முடியவில்லை. உயிர் போகிற வேகத்தில் அதை வேறு பக்கம் திருப்பிவிட்டான்.

"உ... உலிங்காவ்! உலிங்காவ்! உலிங்காவ்!"

அப்படி ஒரு சொல் எந்த ஆற்றிலும் கிடையாது. ஆனால் குரலில் இருந்த அவசரம் எல்லோருக்கும் புரிந்தது. ஒன்பதாம் கதவுக்காரர் காட்டுப்பன்றி வந்துவிட்டதென்று ஈட்டியோடு ஓடிவந்தார். பதினான்காம் கதவுக் கிழவி தீப்பிடித்துவிட்டதென்று பரம்பரைச் சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். தலைவர் ஜிம்பாவ் அதிகாரி யாரோ வருகிறாரென்று சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். எல்லோரும் வந்தார்கள், நெல்லை மட்டும் யாரும் தொடவில்லை. எங்கே, எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தபோது வானம் கொட்டித் தீர்த்தது.

"என்ன கத்தின நீ? என்ன பாஷை அது?" மாமியார் சுபாங் நனைந்த நெல்லை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு கேட்டாள்.

"நான்தான் சொன்னேனே இந்தாய்!" மாமியாரையும் இந்தாய், அதாவது அம்மா என்றுதான் அவன் கூப்பிடுவான்.

"என்ன சொன்ன?"

"அதைத்தான்!"

"எதை?"

ஜாராவ் மேலே கையைக் காட்டினான். பிறகு மாமனாரைக் காட்டினான். பிறகு தன் வயிற்றைக் காட்டினான்.

உஜான் நனைந்த தலையோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. குளிர் என்று நினைத்து மிந்து துணி எடுக்கப் போனாள். குளிரில்லை. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு முற்றிக் கண்ணில் தண்ணீர் வந்து, ஈர மூங்கிலில் உட்கார்ந்தே விட்டார்.

"என் பேரைச் சொல்ல வந்து, பாதில ஓடிட்டான். அவ்வளவுதான் விஷயம்" என்றார்.

அன்று மாலை பொதுக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். நனைந்த நெல் நனைந்ததுதான்; இனி என்ன செய்வது என்பதுதான் பேச்சு. இவனைக் காவலுக்கு வைக்காமல் இருக்கலாம் என்றார் ஒருவர். வயலிலும் இவன் வேலை செய்துதானே ஆகவேண்டும், மழை எங்கேயும்தான் வரும் என்றாள் இன்னொருத்தி. தலைவர் ஜிம்பாவ் யோசித்து ஒரு முடிவு சொன்னார்.

"அவன் நாக்குல ஏதோ ஒண்ணு வந்துச்சு. அதையே வச்சுக்குவோம். இனிமே ஜாராவ் அந்த மாதிரி கத்தினா, யாரும் ஈட்டியைத் தூக்க வேண்டாம், சாடியைத் தூக்க வேண்டாம். நெல்லைத் தூக்குங்க. என்ன சொல்லு அது, இன்னொரு தரம் சொல்லு தம்பி."

"உலிங்காவ்" என்றான் ஜாராவ், வெட்கத்தோடு.

"உலிங்காவ்" என்று கூடமே ஒரு தரம் சொல்லிப் பார்த்தது. பிள்ளைகளுக்கு அது வாயில் இனித்தது. படுக்கிறவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான்கு நாள் கழித்து மலை மறுபடி மறைந்தது. ஜாராவ் ஒரே ஒரு தரம் கத்தினான். இருபத்திரண்டு கதவும் படபடவென்று திறந்தன. பாய்கள் சுருண்டன, கூடைகள் நிரம்பின. முதல் துளி விழுந்தபோது தளத்தில் ஒரு நெல்மணி இல்லை. பெண்கள் உள்ளே நின்று வெளியே கொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார்கள். ஆற்றங்கரையில் வேறெந்த வீட்டிலும் இவ்வளவு சுருக்காகக் காரியம் முடிந்ததில்லை. அன்று இரண்டு வீடுகளிலிருந்து ஜாராவுக்குப் பொரித்த மீன் வந்தது.

ஜாராவ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். தனக்கென்று ஒரு சொல்! மாமனார் பெயர் எங்கெல்லாம் வரவேண்டுமோ அங்கெல்லாம் அதைப் போட்டுப் பேசினான். மூன்று மாதம் ஒரு குறையுமில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் மெல்லிய தூறல். நெல்லைத் தொடவேண்டிய அவசியமில்லாத, கோழிகூடப் பொருட்படுத்தாத தூறல். ஜாராவ் வாசலில் நின்று சோம்பல் முறித்துக்கொண்டே சொன்னான்: "காலங்காத்தால உலிங்காவ் பிடிச்சிருச்சு."

பக்கத்துக் கதவு திறந்தது. அதற்கடுத்தது. சேதி கதவுக்குக் கதவு தாவி, பெண்கள் வாரிச்சுருட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால் தூறல்.

"ஏன்யா, பொய் சொல்லி ஓட வைக்கிறீங்களா?" என்று பாய்ந்தாள் பக்கத்துக் கதவு ரெம்பியா. குரலில் ஜாராவுக்குச் சமமானவள் அவள் ஒருத்திதான்.

"பொய்யா? இதோ விழுதே, உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"இது உலிங்காவா? இது வெறும் உஜான். உலிங்காவ்னா அடிச்சுக்கிட்டு ஓடணும்."

"அம்மா, அது நான் உண்டாக்கின சொல்லு. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

"பெத்தது நீங்கதான். யாரு இல்லேன்னா? அது இப்ப எங்க வீட்டுல சாப்பிட்டு எங்க வீட்டுல வளருது. நாங்க கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கும்."

பெண்கள் எல்லோரும் ரெம்பியா பக்கம். ஜாராவ் தலைவரிடம் முறையிட்டான். ஜிம்பாவ் தாடையைச் சொறிந்துகொண்டார். "நான் சொன்னது நெல்லைத் தூக்குங்கன்னுதானே தம்பி? தூறலுக்கு யாரு நெல்லைத் தூக்குவா? அவங்க பேசுறதுலயும் ஞாயம் இருக்கு."

இப்படியாக, மழை என்று சொல்ல முடியாத ஒரே மனிதனிடமிருந்து அவனுடைய சொல்லையும் பிடுங்கிக்கொண்டார்கள். தூறலுக்கு அவனுக்கு வாயில் ஒன்றுமே இல்லாமல் போனது. ஆனால் ஜாராவ் சோர்கிறவன் இல்லை. ஒன்றை உண்டாக்கியவனுக்கு இன்னொன்று பெரிய காரியமா? மிளகுத் தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டே நான்கு நாள் யோசித்தான். தூறலுக்கு "செனிமி". வெயிலோடு விழுவதற்கு "பிலாந்தே". விடாமல் இரண்டு நாள் பெய்வதற்கு "குரும்போக்". முதல் சொல்லைவிட மூன்றும் அழகாக இருந்தன. மாலையில் கூடத்தில் ஒவ்வொன்றாகப் பொருளோடு சொன்னான். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்றார் ஜிம்பாவ்.

மறுநாள் ஒருவர் வாயிலும் அவை இல்லை. ஜாராவ் விடாமல் மூன்று வருடம் சொல்லிப் பார்த்தான். "செனிமி விழுது" என்பான், "என்னது?" என்பார்கள். மிந்து மட்டும், அவன் முகம் வாடக்கூடாதென்று, வீட்டுக்குள் "குரும்போக் நிக்கலையே" என்று சொல்லிப் பார்ப்பாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வரும்.

"இந்த மூணையும் யோசிச்சு செஞ்சேன் மிந்து. உலிங்காவுக்கு யோசிக்கவே இல்ல. யோசிச்சது ஒண்ணும் நிக்கல, யோசிக்காதது ஓடுது. இது என்ன ஞாயம்?"

"நம்ம பிள்ளைங்களும் அப்படித்தான வந்துச்சு" என்றாள் மிந்து. அப்போது அவர்களுக்கு இரண்டாவது பிறந்திருந்தது.

உலிங்காவ் ஓடத்தான் செய்தது. பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனார்கள். கல்யாணமாகிப் போன பெண்கள் அடுத்தடுத்த ஆறுகளுக்குக் கொண்டு போனார்கள். போகிற இடத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போனது. கீழாற்றில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் விருந்தாளிக்கு உலிங்காவ் என்று பெயர். கடைவீதியில், திடீரென்று கணக்குப் பார்க்க வரும் அதிகாரிக்கு அந்தப் பெயர். மிளகு வாங்கும் சோங் முதலாளி, சீன நாக்கில் அதை "உலிங்கோ" என்று சொல்லி, அவசர அவசரமாகக் கடைப்பலகையை இழுத்து மூடுவார். ஒவ்வொரு தடவையும் ஜாராவ் நின்று நிதானமாகத் திருத்துவான். ஒவ்வொரு தடவையும் கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் பழையபடியே சொல்வார்கள்.

பதிமூன்று வருடம் இப்படிப் போனது. ஜாராவுக்கு நான்கு பிள்ளைகள். மிளகு நன்றாக விளைந்தது. பொதுக்கூடத்தில் இப்போது ஒரு ரேடியோ இருந்தது. ஒரு மாலை இபான் நிகழ்ச்சியில் பாட்டுப் போடும்போது அறிவிப்பாளர் பெண் குழைந்த குரலில் சொன்னாள்: "இந்தப் பாட்டு, மனசுல உலிங்காவ் அடிக்கிற எல்லாப் பொண்ணுங்களுக்கும்."

சோற்றுக்கையோடு ஜாராவ் எழுந்துவிட்டான்.

"தப்பு! தப்பு! மனசுல எப்படி அடிக்கும்? அதுக்கு அர்த்தமே வேற!"

"ரேடியோகிட்ட சொல்லுங்க, கேட்கும்" என்றாள் ரெம்பியா. அவளுடைய பெண் தலைகுனிந்துகொண்டு சிரித்தாள். அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது ஜாராவுக்கு மட்டும்தான் தெரியவில்லை. யாரையோ பார்த்ததும் நெஞ்சு திடுக்கென்று ஓட ஆரம்பித்தால், அது உலிங்காவ்.

ஜாராவ் விடவில்லை. பள்ளிக்கூடத்து எட்வர்ட் வாத்தியாரிடம் போய்ச் சொல்லச் சொல்ல எழுதவைத்து, கூச்சிங் நகரத்தில் இருந்த வானொலி நிலையத்துக்குக் கடிதம் போட்டான். மூன்று வாரம் கழித்து ரேடியோவில் பதில் வந்தது. கூடமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"மேல் எம்பாவிலிருந்து ஜாராவ்ங்கிற நேயர் எழுதியிருக்காரு. உலிங்காவ்ங்கிற சொல்லை அவருதான் உண்டாக்கினாராம். ரொம்ப சந்தோஷம் ஐயா. ஆனா இதே சொல்லு எங்க முப்பாட்டன் காலத்துச் சொல்லுன்னு நாலு ஆத்துக்காரங்க நமக்கு எழுதியிருக்காங்க. கூச்சிங் பக்கம் வந்தா நிலையத்துக்கு வாங்க, நேர்ல பேசுவோம்."

கூடம் வெடித்துச் சிரித்தது. ரெம்பியா பாயில் உருண்டாள். ஜாராவே சிரித்துவிட்டான். சிரிக்காதவர் உஜான் ஒருவர்தான். எழுபதைத் தாண்டியிருந்த அவர் மூங்கில் சீவும் கத்தியைக் கீழே வைத்தார்.

"முப்பாட்டனா? எந்த முப்பாட்டன்? என் பேர்லேர்ந்து பொறந்த சொல்லு அது. நான் பக்கத்துல நின்னு நனைஞ்சிருக்கேன். கிளம்பு ஜாராவ்."

"எங்க போறோம் அப்பாய்?"

"கூச்சிங்குக்கு."

தலைவரின் கறுப்புக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு உஜான் படகில் ஏறினார். ஒரு நாள் படகு, ஒரு நாள் பஸ். வாழ்நாளில் பேசாததையெல்லாம் அந்த இரண்டு நாளில் மருமகனிடம் பேசினார். எதிரே உட்கார்ந்தவர்களிடமும் பேசினார். இவன்தான் அந்தச் சொல்லைச் செய்தவன் என்று பஸ் நடத்துநரிடம் சொன்னார். நடத்துநர், "எங்க ஊர்ல பிரேக் பிடிக்காம வர்ற லாரிக்கு உலிங்காவ்னு சொல்லுவோம் தாத்தா" என்றான். உஜான் அவனிடம் கடைசிவரை பயணச்சீட்டைக் காட்டவில்லை.

நிலையத்தில் ரோசலின் என்ற அந்த அறிவிப்பாளர் பெண் அவர்களை அன்போடு வரவேற்றாள். பகல் நிகழ்ச்சி, நேரடி ஒலிபரப்பு. உள்ளே இரண்டு நாற்காலிதான். ஆகவே உஜானைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பொத்தான்களைத் திருகும் ஆளின் அருகில் உட்காரவைத்தார்கள்.

"கடிதத்துல உஜான்னுதான் அர்த்தம்னு எழுதியிருக்கீங்களே ஐயா" என்று ரோசலின் ஆரம்பித்தாள்.

"நான் எழுதல. வாத்தியார் எழுதினாரு. நான் மேல கையக் காட்டினேன்."

"ஓ, நீங்க சொல்லக்கூடாது இல்லையா! சரி, உங்க வாயாலேயே வேற மாதிரி சொல்லுங்க. உலிங்காவ்னா என்ன?"

பதிமூன்று வருடமாகத் திருத்திக்கொண்டே இருந்தவனுக்கு முதல் தடவையாகப் பேச்சு நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உஜான் தன் பெயரையே வாயைத் திறந்து திறந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. பத்து விரலையும் மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினார். ஜாராவ் அவரைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தான்.

"கல்யாணமாகி ஆறு நாள்ம்மா. எல்லாரும் தூங்குறாங்க. இருபத்திரண்டு வீட்டு நெல்லு என் பொறுப்புல இருக்கு. எதிர்ல மலை இருந்துச்சு, திடீர்னு இல்ல. காத்துல மண்ணு வாசம். இலையெல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு தலையாட்டிக்கிட்டே வருது, யாரோ நடந்து வர்ற மாதிரி. எனக்குக் காலு நிக்கல. இந்த வீட்டுக்கு நாம ஒரு ஆளுன்னு காட்டணும். மிந்து எந்திரிச்சு வந்து பாக்கணும். மாமனார் ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லணும். நெஞ்சு அடிக்கிற அடில காதே அடைச்சுப்போச்சு. அப்பத்தான் அது வாயில வந்துச்சு."

ரோசலின் சற்று முன்னால் சாய்ந்தாள். "அப்போ, மனசு துள்ளுறதுக்கு அதைச் சொல்றாங்களே நம்ம பொண்ணுங்க, அது தப்பா ஐயா?"

"தப்புன்னு சொல்லத்தான் ரெண்டு நாளு பயணம் பண்ணி வந்தேன்." ஜாராவ் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "இப்பச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரியுது. அன்னிக்கு மேலேர்ந்து வந்ததைவிட உள்ளேர்ந்து வந்தது கொஞ்சம் ஜாஸ்திதான். அதுவும் அந்தச் சொல்லுக்குள்ள இருந்திருக்கு. எனக்குத் தெரியல, அந்தப் பிள்ளைங்க கண்டுபிடிச்சிருச்சுங்க. நல்லாத்தான் சொல்றாங்க. சொல்லட்டும்."

"அந்த முப்பாட்டன் சண்டை?"

"அவங்க முப்பாட்டனும் எங்கேயாவது மாட்டிக்கிட்டு முழிச்சிருப்பாரு. இருக்கட்டும்மா."

ரோசலின் சிரித்துவிட்டாள். "கடைசியா ஒண்ணு ஐயா. அன்னிக்கு எப்படிக் கத்தினீங்களோ, அப்படியே ஒரு தரம் சொல்லிக் காட்டுங்களேன்."

"இங்கேயா? சத்தமா இருக்கும்."

"பரவால்ல."

ஜாராவ் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து, மூன்று தரம் கத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொத்தான்காரர் காதுக்கருவியைப் பிடுங்கி எறிந்தார்.

அந்த நேரம் மேல் எம்பாவில் தீயாக வெயில் எரிந்துகொண்டிருந்தது. மார்ச் மாதம். தளம் முழுக்க நெல். கூடத்தில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் குரல் பெட்டிக்குள்ளிருந்து "உலிங்காவ்!" என்று அலறியதும் முதலில் பாய்ந்தவள் மாமியார் சுபாங்தான், வாயிலிருந்த வெற்றிலை தெறித்தது. அவளுக்குப் பின்னால் மிந்து, ரெம்பியா, இடுப்பில் குழந்தையோடு இளம் பெண்கள், கோலூன்றிய ஜிம்பாவ். யாரும் யோசிக்கவில்லை. பாய்கள் சுருண்டன, கூடைகள் நிரம்பின, கடைசி மணிவரை உள்ளே போயிற்று. வேர்த்து விறுவிறுத்து நின்ற பிறகுதான் ரெம்பியாவின் பெண் வானத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பிசிறு மேகம் இல்லை.

கீழாற்றில் மூன்று வீடுகளிலும் இதே கதைதான் என்று மறுநாள் சேதி வந்தது. கடைவீதியில் சோங் முதலாளி காயப்போட்டிருந்த மிளகை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, பலகையையும் மூடிவிட்டு, அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தாராம்.

ஊர் திரும்பிய படகு கடைசி வளைவைத் திரும்பியபோது, துறையில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு வாளி. வரவேற்பு என்று நினைத்து உஜான் கோட்டைச் சரிசெய்துகொண்டு கையை ஆட்டினார். படகு கரையைத் தொட்டதும் இருபத்திரண்டு வாளி ஆற்றுத்தண்ணீரும் ஜாராவின் தலையில் இறங்கியது.

"வெயில்ல ஓட வச்சீங்களே, இதுக்கு என்ன சொல்லு? சொல்லுங்க பாப்போம்!" என்று கத்தினாள் ரெம்பியா.

"ஐயோ, கோட்டு! கோட்டு தலைவரோடது!" என்று உஜான் கத்தினார். யார் கேட்டார்கள்? தலைவரே ஒரு வாளியோடு வந்து நின்றார்.

நனைந்தவனை அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போனார்கள். ஊரை வெயிலில் ஓடவைத்ததற்குத் தண்டனை என்று ஜிம்பாவ் தீர்ப்புச் சொன்னார்: கதவுக்கு ஒரு கிண்ணம் துவாக், நின்றபடியே குடிக்கவேண்டும். அரிசிக் கள் அந்த வருடம் இனிப்பாகவே புளித்திருந்தது. முதல் கதவில் ஜாராவ் வானொலி நிலையத்தைப் பற்றிச் சொன்னான். நான்காம் கதவில் கண்ணாடிக்குப் பின்னால் மாமனார் வாயசைத்ததை நடித்துக் காட்டினான். ஏழாம் கதவில் நடத்துநரின் லாரியாகவே மாறி, பிரேக் இல்லாமல் சுவரில் மோதினான். உஜான் பின்னாலேயே வந்து, விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துச் சொன்னார். "அந்தப் பொண்ணு கேட்டா பாரு ஒரு கேள்வி! இவன் சொன்னான் பாரு ஒரு பதில்! என் மருமகன்!" என்று ஒவ்வொரு கதவிலும் புதிதாகச் சொல்வதுபோல ஆரம்பித்தார்.

பன்னிரண்டாம் கதவில் ஜாராவ் உட்கார்ந்துவிட்டான். மிச்சக் கிண்ணங்களை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, மிந்து இடுப்புத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "நெல்லைத் தூக்க ஓடினதுல எனக்கும் தாகம்தான்" என்றாள். பதின்மூன்றிலிருந்து இருபத்திரண்டுவரை, ஒரு கதவு விடாமல், நின்றபடியே குடித்து முடித்தாள். கூடம் அதிரக் கைதட்டினார்கள். சுபாங் வெண்கலத் தாளத்தை எடுத்துவந்து அடித்தாள்.

மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகும் தளத்தில் பாய் விரிக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கூடைகளில் இருந்த நெல்லைக் கோழிகள் நிதானமாகப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன.